எம்83-இன் விளிம்பு எங்கே? ஒரு கேலக்ஸியின் வெளித்தட்டில் நட்சத்திரப் பிறப்பைத் தேடிய நிகழ்வு ஆய்வு

சித்திரை மாத இரவில் பதினோரு மணி வாக்கில் தெற்கே திரும்பி அண்ணாந்து பார்த்தால் சித்திரை நட்சத்திரம் நல்ல உயரத்தில் நிற்கும். அங்கிருந்து நேர் கீழே, கையை நீட்டி மடக்கிய முஷ்டியால் அளந்தால் இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் எம்83 என்ற கேலக்ஸி இருக்கிறது. ஊர் வெளிச்சம் படாத இடமாக இருந்தால் சாதாரண பைனாகுலரிலேயே மங்கலான திட்டாகத் தெரியும். சென்னையிலிருந்து பார்க்கும்போது அது 47 டிகிரி உயரம் வரை ஏறும், லண்டனில் இருப்பவருக்கு அடிவானத்தை ஒட்டி 8, 9 டிகிரிதான்.

பைனாகுலரில் தெரியும் அந்தத் திட்டு நடுப்பகுதி மட்டும்தான். அதற்கு வெளியே, படங்களில் வெறும் கறுப்பாக வரும் இடத்தில் நட்சத்திரங்கள் பிறக்கின்றனவா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தத் தேடலை ஆரம்பத்திலிருந்து 2022 வரை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பல நாடுகளைச் சேர்ந்த குழுக்கள் இதில் வருகின்றன, சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் இருந்தவர்கள். அவர்களில் யார் பெயரையும் சொல்லவில்லை. யார் கண்டுபிடித்தார் என்பதைவிட ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பார்த்தார்கள், அதை வைத்து என்ன முடிவெடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரே மாதிரியான தடுமாற்றம் இதில் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் ஒரே மாதிரியான முடிவால்தான் அது தீர்ந்தது.

பின்னணி

எம்83 நம்மிடமிருந்து சுமார் 1.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. 1752-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தைப் பட்டியலிட்ட பிரெஞ்சு வானியலாளர் லக்காய் அதை முதலில் குறித்து வைத்தார். சுருள் கைகளோடு தட்டு வடிவத்தில் இருக்கும் கேலக்ஸி, அதுவும் நமக்கு ஏறக்குறைய முகம் காட்டி நிற்கிறது, அதனால் மையத்திலிருந்து ஓரம் வரை எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது சுலபம். நடுப்பகுதியில் நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் அங்கே ஆறு சூப்பர்நோவா வெடிப்புகள் பதிவாகியிருக்கின்றன.

நட்சத்திரம் பிறப்பதற்கு வாயு வேண்டும், அந்த வாயு குளிர்ந்து நெருங்கி, அணு ஹைட்ரஜன் மூலக்கூறு ஹைட்ரஜனாக மாறி, மேகமாகத் திரண்டு, அந்த மேகத்துக்குள் இன்னும் அடர்த்தியான கட்டிகள் தம் எடையாலேயே உள்ளே சரிய வேண்டும். சுழலும் தட்டில் இது எப்போது நடக்கும் என்பதற்கு 1960-களிலேயே ஒரு கணக்கு போட்டுவிட்டார்கள். வாயுவின் ஈர்ப்பு அதைத் திரட்டப் பார்க்கும். வாயுவின் உள்ளசைவும் தட்டின் சுழற்சியும் அதைக் கலைக்கப் பார்க்கும். வாயு ஒரு குறிப்பிட்ட அடர்த்திக்கு மேல் இருந்தால் ஈர்ப்பு ஜெயிக்கும், இல்லாவிட்டால் வாயு வெறும் வாயுவாகவே சுற்றிக்கொண்டிருக்கும். மையத்திலிருந்து விலக விலக வாயு நலிந்துகொண்டே போவதால், ஏதோ ஒரு தூரத்தில் இந்த வரம்புக்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

எம்83-இல் வாயு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது 1980-களின் தொடக்கத்திலேயே தெரியும். அணு ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை உமிழும், அதை அளந்தபோது கண்ணுக்குத் தெரியும் தட்டைவிடப் பல மடங்கு அகலமான, வளைந்து முறுக்கிய ஒரு ஹைட்ரஜன் தட்டு அங்கே கிடப்பது தெரியவந்தது. ஆக, நலிந்துதான் என்றாலும் மூலப்பொருள் வெளியே ஏராளமாக இருந்தது.

முதல் கவனிப்பு: 5.1 கலைநிமிடத்தில் ஒரு கோடு

நட்சத்திரப் பிறப்பை அளக்க அன்று எல்லோரும் நம்பிய அடையாளம் எச்-ஆல்ஃபா. சூரியனைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு அல்லது அதற்கும் மேல் நிறை கொண்ட நட்சத்திரங்கள் தங்களைச் சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்கும், அந்த ஹைட்ரஜன் சிவப்பாக ஒளிரும். அந்தச் சிவப்பு தெரிந்தால் அங்கே இப்போதுதான் பெரிய நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன என்று பொருள். தரையிலிருந்தே எடுக்கலாம், வடிகட்டி ஒன்று போதும், தூசியும் அதிகம் மறைக்காது. நம்பியதில் தவறு ஒன்றும் இல்லை.

2001-இல் வெளியான ஓர் ஆய்வு 32 சுருள் கேலக்ஸிகளில் இந்தச் சிவப்பை மையத்திலிருந்து வெளிநோக்கி வளையம் வளையமாகச் சராசரி எடுத்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் ஒரு தூரம் வரை மெதுவாகக் குறைந்துகொண்டு வந்து, அப்புறம் சட்டென்று விழுந்தது. எம்83-இல் அந்த இடம் மையத்திலிருந்து 5.1 கலைநிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலைநிமிடம்), அதாவது ஏறக்குறைய 21,500 ஒளியாண்டு. வாயு அடர்த்தி வரம்புக்குக் கீழே போகும் என்று பழைய கணக்கு சொன்ன இடமும் பல கேலக்ஸிகளில் இதற்கு அருகிலேயே இருந்தது. கணக்கும் அளவும் இப்படிப் பொருந்திவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளத்தான் தோன்றும்.

ஆனால் இதற்கு முன்பே ஓர் அறிகுறி வந்திருந்தது. 1998-இல் வேறு ஒரு குழு என்ஜிசி 628, என்ஜிசி 1058, என்ஜிசி 6946 என்ற மூன்று கேலக்ஸிகளை மிக ஆழமாகப் படமெடுத்து, ஒளித்தட்டின், அதாவது கண்ணுக்குத் தெரியும் தட்டின், ஆரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்தில்கூடச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளைக் கண்டது. எண்ணிக்கையில் குறைவு, மங்கல், தனித்தனியாகக் கிடந்தவை. ஒரு முழு வளையத்துக்குச் சராசரி எடுத்தால் இப்படிப்பட்ட புள்ளிகள் கரைந்து காணாமல் போய்விடும். இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும்: 2001-இல் கோடு வரைந்தவர்கள் கோட்டுக்கு அப்பால் எதுவுமே இல்லை என்று சொல்லவில்லை, சட்டென்று குறையும் இடம் என்றுதான் சொன்னார்கள். படித்த எங்களில் பலர்தான் அதை "இதற்கு மேல் நட்சத்திரம் பிறக்காது" என்று சுருக்கி மனதில் வைத்துக்கொண்டோம்.

2003 முதல் 2005 வரை: புறஊதாவில் பார்த்தபோது

2003 ஏப்ரலில் கேலெக்ஸ் என்ற சிறிய விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டது. ஆடி 50 சென்டிமீட்டர்தான், வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்திருக்கும் ஆர்வலர்களிடம்கூட அந்த அளவில் உண்டு. ஆனால் அதனிடம் இந்த வேலைக்கு வேண்டிய இரண்டு வசதிகள் சேர்ந்து இருந்தன. வளிமண்டலத்துக்கு மேலே இருந்ததால் தரைக்கு வந்து சேராத புறஊதாவைப் பார்க்க முடிந்தது. அப்புறம், ஒரே பார்வையில் 1.2 டிகிரி அகலத்தைப் பிடித்தது, முழு நிலாவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். எம்83-இன் ஒளித்தட்டோடு அதைச் சுற்றிக் கிடந்த ஹைட்ரஜன் தட்டின் பெரும்பகுதியும் ஒரே படத்தில் விழுந்தது. இந்த அகலம் மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் "ஒன்றும் இல்லை" என்று முடிவுகட்டிய இடத்தைத் தேடிப்போய்ப் படமெடுக்க யாரும் நேரம் கேட்க மாட்டார்கள்.

2005 தொடக்கத்தில் முடிவு வெளியானது. கோட்டுக்கு அப்பால், அதன் ஆரத்தைப் போல் சுமார் நான்கு மடங்கு தூரம் வரை புறஊதாவில் பளிச்சென்ற நட்சத்திரத் தொகுதிகள் சிதறிக் கிடந்தன. ஒளியாண்டில் சொன்னால் 21,500-இல் நின்றுவிட்டது என்று நினைத்தது 85,000-ஐத் தாண்டியது. மூலக்கூறு வாயு அதுவரை கண்டறியப்பட்டிருந்த தூரங்களுக்கெல்லாம் வெளியே இவை இருந்தன. அதே ஆண்டில் என்ஜிசி 4625 என்ற சிறிய கேலக்ஸியிலும் இதே போன்ற ஒரு புறஊதாத் தட்டு கிடைத்தது.

தொலைதூரக் கேலக்ஸிகள்கூடப் புறஊதாவில் புள்ளியாகத் தெரியும் என்பதால், இவை உண்மையிலேயே எம்83-க்குச் சொந்தமானவைதானா என்ற சந்தேகம் முதலிலேயே எழ வேண்டியதுதான். அதற்கு அந்தக் குழு 21 சென்டிமீட்டர் வரைபடத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது. புள்ளிகள் கண்டபடி இறைந்து கிடக்கவில்லை, நார் நாராக நீண்டு கிடந்த ஹைட்ரஜன் இழைகளின் மேலேயே அவற்றில் பெரும்பாலானவை வரிசையாக உட்கார்ந்திருந்தன. பின்புலத்தில் தற்செயலாக வந்த கேலக்ஸிகள் இப்படி இழை பார்த்து உட்காராது.

பழைய வரம்புக் கணக்கு எங்கே சறுக்கியது என்பதும் இதிலேயே தெரிந்தது. வளையம் முழுக்கச் சராசரி எடுத்தால் வாயு நலிந்துதான் இருக்கிறது, ஆனால் இழைகளுக்குள் அது சராசரியைவிட நல்ல அடர்த்தி. மாவட்டத்தின் சராசரி மழை குறைந்துபோன வருஷத்திலும் ஒரு ஓடை வந்து சேரும் கண்மாய் மட்டும் நிரம்பியிருக்கும் இல்லையா, அது மாதிரி.

அடுத்த சிக்கல்: சிவப்பு ஏன் இல்லை?

புறஊதாவில் தெரிந்த தொகுதிகளில் ஒரு பங்கில்தான் எச்-ஆல்ஃபாச் சிவப்பும் இருந்தது, மீதியில் இல்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் எழுந்தன, இரண்டும் லேசுப்பட்டவை இல்லை.

முதல் விளக்கம் வயது. சிவப்பை உண்டாக்கும் மிகப் பெரிய நட்சத்திரங்கள் ஒரு கோடி ஆண்டுக்குள் முடிந்துவிடும். புறஊதாவைத் தரும், சூரியனைவிடச் சில மடங்கு மட்டுமே பெரிய நட்சத்திரங்கள் பத்துக் கோடி ஆண்டு வரை தாக்குப்பிடிக்கும். மல்லிகைத் தோட்டத்தில் பூ பூத்திருக்கும் கொடிகளை மட்டும் எண்ணிவிட்டு இவ்வளவுதான் கொடி என்று சொன்னால் எப்படித் தப்போ, சிவப்பை மட்டும் எண்ணுவதும் அப்படித்தான். பிறப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கும் வெளித்தட்டில், எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் பெரும்பாலான தொகுதிகள் பூ உதிர்ந்த நிலையில்தான் இருக்கும்.

இரண்டாவது விளக்கம் இன்னும் ஆழமானது. வெளித்தட்டு போன்ற நலிந்த சூழலில் பெரிய நட்சத்திரங்களே பிறப்பதில்லையோ, அங்கே நட்சத்திரங்களின் நிறைப் பங்கீடே (எந்த நிறையில் எத்தனை பிறக்கும் என்ற விகிதம்) மேல்பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறதோ என்பது அது. இது உண்மையானால் எம்83-ஓடு நிற்காது. நட்சத்திரப் பிறப்பு வேகத்தை அளக்க வானியல் முழுக்கப் பயன்படும் கணக்குகள் எல்லாம் "எங்கே பிறந்தாலும் சிறியதும் பெரியதும் ஒரே விகிதத்தில் பிறக்கும்" என்ற அடிப்படையில் நிற்பவை. அந்த அடிப்படையே ஆடிப்போகும்.

இதைத் தீர்க்க ஒரு குழு ஹவாயில் இருக்கும் 8.2 மீட்டர் சுபாரு தொலைநோக்கியை எடுத்துக்கொண்டது. இந்தக் கட்டத்தில் அவர்கள் எடுத்த இரண்டு முடிவுகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. பிரகாசமான சில தொகுதிகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல் வெளித்தட்டு முழுவதையும் எச்-ஆல்ஃபாவில் ஆழமாகப் படமெடுத்தார்கள். அதோடு நிற்காமல் ஹைட்ரஜன் வாயுவே முடிந்துபோன இடத்துக்கும் அப்பால் வரை படத்தை நீட்டினார்கள். வாயு இல்லாத அந்த இடத்தில் தெரியும் புள்ளிகள் எம்83-ஐச் சேர்ந்தவையாக இருக்க முடியாது. ஆகவே அங்கே ஒரு சதுரக் கலைநிமிடத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணி, தட்டுக்குள் எண்ணியதிலிருந்து அந்த அளவைக் கழித்துவிட்டால் பின்புலக் குப்பை போய்விடும். வெறும் வானத்தைப் படமெடுக்கச் செலவான நேரம்தான் அந்த ஆய்வுக்கே உறுதி தந்தது.

2012-இல் வெளியான பதில் தெளிவாக இருந்தது. மொத்தமே சில நூறு சூரிய நிறை கொண்ட குட்டித் தொகுதிகளில்கூட மிகப் பெரிய நட்சத்திரங்கள் இருந்தன. நிறைப் பங்கீடு வெட்டுப்பட்டிருந்தால் இவ்வளவு சின்னத் தொகுதியில் அவ்வளவு பெரிய நட்சத்திரம் வந்திருக்கவே கூடாது. வழக்கமான பங்கீடே வெளித்தட்டிலும் செல்லும். தொகுதி சின்னதாக இருக்கும்போது ஒன்றில் பெரியது விழும், இன்னொன்றில் விழாது, அது வெறும் வாய்ப்பு. ஆயிரம் சூரிய நிறைக்கு மேற்பட்ட தொகுதிகளில் சிவப்பு எத்தனையில், புறஊதா எத்தனையில் என்ற எண்ணிக்கையை வயது ஒன்றே விளக்கிவிட்டது.

இடையில் கிடைத்தவை

2007-இல் 189 தட்டுக் கேலக்ஸிகளைப் பார்த்த ஒரு கணக்கெடுப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் இப்படி நீண்ட புறஊதாத் தட்டு இருப்பது தெரியவந்தது. ஆக எம்83 ஏதோ அதிசயப் பிறவி இல்லை. 2009-இல் வெளித்தட்டின் ஒளிரும் வாயுவை நிறமாலையில் பார்த்தபோது, உள்தட்டில் வெளியே போகப் போகக் குறைந்துகொண்டு வந்த ஆக்ஸிஜன் அளவு ஒளித்தட்டின் விளிம்பைத் தாண்டியதும் குறையாமல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நீண்டது.

2010-இல் வந்த அளவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எம்83-இன் வெளித்தட்டில் ஹைட்ரஜன் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் புறஊதா என்பது இன்னும் துல்லியமாக உறுதியானது. ஆனால் இப்போது பிறக்கும் வேகத்திலேயே போனால் அந்த வாயு முழுவதையும் நட்சத்திரமாக்க சுமார் 10,000 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். கேலக்ஸிகளின் உள்தட்டில் மூலக்கூறு வாயு 200 கோடி ஆண்டு அளவில் தீர்ந்துவிடும். அப்படியானால் வெளியே ஏன் இவ்வளவு மந்தம்? ஒரு மேகம் திரண்ட பிறகு அதற்குள் நட்சத்திரம் பிறப்பது மந்தமா, அல்லது வாயு மேகமாகத் திரள்வதே மந்தமா? இந்த இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் மேகங்களையே கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது கோடு: மேகம் எங்கே?

மூலக்கூறு ஹைட்ரஜன் குளிரில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. அதனால் அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு உமிழும் மில்லிமீட்டர் அலையை வைத்துத்தான் மேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். சிலியில் அடகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆன்டெனாக்களோடு இருக்கும் ஆல்மா இதற்கென்றே கட்டியது போன்ற கருவி.

எம்83-இன் ஒளித்தட்டு விளிம்புக்குச் சற்று வெளியே, புறஊதாத் தொகுதிகள் நன்றாகத் தெரியும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து ஆல்மாவால் பார்த்தார்கள். கார்பன் மோனாக்சைடு 230 கிகாஹெர்ட்ஸில் உமிழும் கோடு (இது எல்லைக் கோடு இல்லை, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் வரும் உமிழ்வு), வழக்கமாக எல்லோரும் தேடுவது. பல ஆயிரம் ஒளியாண்டு நீள அகலமுள்ள பகுதி, உலகின் மிகக் கூர்மையான மில்லிமீட்டர் கருவி. 2019-இல் முடிவு அச்சானது: ஒரு மேகம்கூடக் கிடைக்கவில்லை.

நட்சத்திரக் குஞ்சுகள் கண்முன்னே இருக்கின்றன, கூடு மட்டும் காணோம். கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் அச்சிட்ட அந்தக் குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும், அந்த வெற்று வரைபடம் இல்லையென்றால் அடுத்த படி இவ்வளவு சரியாக விழுந்திருக்காது.

காரணம் என்னவாக இருக்கலாம் என்பதற்கு உலோகச் செறிவு ஒரு தடயம் தந்தது (வானியலில் ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாத் தனிமங்களுக்கும் உலோகம் என்றே பெயர், ஆக்ஸிஜனுக்கும்கூட). வெளித்தட்டில் அது சூரியனைவிடக் கணிசமாகக் குறைவு. உலோகம் குறைந்தால் தூசி குறையும், தூசி குறைந்தால் புறஊதா மேகத்துக்குள் ஆழமாக நுழைந்து கார்பன் மோனாக்சைடை உடைத்துவிடும். மூலக்கூறு ஹைட்ரஜன் தன் வெளியடுக்காலேயே தன்னைக் காத்துக்கொள்ளும், கார்பன் மோனாக்சைடுக்கு அந்த அளவு பலம் கிடையாது. ஆக, மேகத்தின் தடிமனான வெளிப்பகுதி முழுக்க மூலக்கூறு ஹைட்ரஜனாக இருந்துகொண்டே நம் கருவிக்கு இருட்டாகிவிடும். உள்ளே நடுவில் இருக்கும் அடர்ந்த கட்டிகளில் மட்டும் கார்பன் மோனாக்சைடு தப்பித்து நிற்கும்.

எடுத்த முடிவும் காரணமும்

வழக்கமான வழி, அதே 230 கிகாஹெர்ட்ஸில் இன்னும் நீண்ட நேரம் பார்ப்பது. அடுத்த குழு அதைச் செய்யவில்லை. அதே பகுதிக்குள் சுமார் ஒரு சதுரக் கிலோபார்செக் இடத்தை, அதாவது பக்கத்துக்கு 3,300 ஒளியாண்டு அளவுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கார்பன் மோனாக்சைடின் அடுத்த கோடான 346 கிகாஹெர்ட்ஸில் பார்த்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது கிறுக்குத்தனம். அந்தக் கோடு எழ வேண்டுமானால் வாயு இன்னும் அடர்த்தியாக, இன்னும் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும், சாதாரண மேகத்தின் பெரும்பகுதி அப்படி இருக்காது, அதனால் சாதாரணக் கோடே கிடைக்காத இடத்தில் இதைத் தேடுவது வீண் என்றுதான் தோன்றும். ஆனால் மேகத்தின் அமைப்பை மனதில் வைத்து யோசித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். வெளியடுக்கு ஏற்கெனவே இருட்டு, அதிலிருந்து எந்தக் கோடும் வரப்போவதில்லை. மீதமிருப்பது அடர்ந்த கட்டிகள் மட்டும், அவற்றில் மேல்கோடும் நன்றாகவே எழும். கட்டிகளின் வெப்பநிலை ஒன்றுதான் என்றால் அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப ஒளிப்பாய்வு கூடும், ஆக மேல்கோட்டில் இரண்டு மடங்குக்கும் மேல் பிரகாசம் எதிர்பார்க்கலாம்.

பின் நடந்தது

2022-இல் முடிவு வந்தது. அந்தச் சின்ன இடத்துக்குள் 23 மூலக்கூறு மேகங்கள். மேகங்களின் நிறை சுமார் 820-இலிருந்து 23,000 சூரிய நிறை வரை, உள்ளே இருக்கும் கட்டிகள் 270-இலிருந்து 7,500 வரை. இவற்றில் மிகப் பெரியவை நம் பால்வெளியில் இருக்கும் ஓரியன் ஏ மேகத்தை நிறையிலும் நட்சத்திரப் பிறப்பிலும் ஒத்திருந்தன. ஓரியன் ஏ என்பது கார்த்திகை, மார்கழி மாதங்களில் வேட்டைக்காரன் மண்டலத்தின் இடைக்குக் கீழே நாம் பார்க்கும் நெபுலா இருக்கும் அதே மேகம்தான். அதே போன்ற ஒன்று இன்னொரு கேலக்ஸியின் விளிம்புக்கு வெளியே, ஒன்றுமில்லை என்று விட்டுவிட்ட இருட்டுக்குள் இருக்கிறது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மேகத்தின் அமைப்பு வெளித்தட்டிலும் நம்மூர் மேகங்களைப் போலத்தான் என்று வைத்துக்கொண்டால் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் பொருந்தின: மேல்கோடு கிடைத்தது, கீழ்க்கோடு கிடைக்காதது, அந்த இடத்தில் காணும் நட்சத்திரப் பிறப்பின் அளவு. பத்தாயிரம் கோடி ஆண்டு மந்தத்துக்கும் இதில் ஒரு பதில் தெரிந்தது. மேகம் திரண்டுவிட்டால் அதற்குள் எல்லாம் வழக்கம்போலத்தான் நடக்கிறது, மேகமாகத் திரளும் வாயுவே அங்கே குறைவு. இடையூறு முதல் படியில் இருக்கிறது.

இன்னொன்றும் கிடைத்தது. மேகங்கள் சங்கிலி போல வரிசையாக நின்றன, சில வரிசைகள் 600 பார்செக் அல்லது அதற்கும் மேல், அதாவது 2,000 ஒளியாண்டு நீளம். பக்கத்து நட்சத்திரம் வெடித்து ஒரு மேகத்தைத் தட்டிவிட்டது என்பது போன்ற உள்ளூர்க் காரணத்தால் இவ்வளவு நீண்ட வரிசை வராது. மேகத்தைத் தூண்டுவது பெரிய அளவில் நடக்கும் ஏதோ ஒன்று.

அடுத்த முறை மாற வேண்டியது

முதலில், எச்-ஆல்ஃபா நின்ற இடத்தை நட்சத்திரப் பிறப்பு நின்ற இடம் என்றும், ஒரு கார்பன் மோனாக்சைடு கோடு நின்ற இடத்தை மூலக்கூறு வாயு நின்ற இடம் என்றும் எழுதக் கூடாது. எந்த அடையாளத்தை வைத்துப் பார்த்தோமோ அதன் பெயரைக் கோட்டின் பெயரிலேயே சேர்த்துவிட வேண்டும். 2005 ஆய்வு அதை எச்-ஆல்ஃபாவில் ஒளிரும் பகுதிகளின் ஆரம் என்று அளவோடு குறித்திருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் சரியாக ஒப்பிட முடிந்தது.

வளையச் சராசரியை மட்டும் நம்பி வெளித்தட்டைப் பற்றி முடிவு சொல்வதை நான் இனி ஏற்க மாட்டேன். சராசரியோடு இழைகளின் வரைபடமும் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம் வெற்று வானம்: சுபாருக் குழு செய்தது போல, வாயு முடிந்த இடத்துக்கு அப்பாலும் ஒரு பகுதியைப் படமெடுப்பதைத் திட்டத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும், நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்கவே நடக்காது.

இந்த வேலைக்கு நம் பக்கமிருந்து ஒரு கருவியும் உண்டு. 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டில் இருக்கும் யூவிஐடி என்ற புறஊதாத் தொலைநோக்கி, கேலெக்ஸைவிடச் சுமார் மூன்று மடங்கு கூர்மையாகப் பிரித்துப் பார்க்கும். அதன் பார்வை அகலம் குறைவு, 28 கலைநிமிடம்தான், ஆனால் கேலெக்ஸில் ஒரே புள்ளியாகத் தெரிந்தது அதில் இரண்டு மூன்று தொகுதிகளாகப் பிரியும். 1998-இல் சிவப்புப் புள்ளி கிடைத்த அதே என்ஜிசி 628, என்ஜிசி 6946 போன்ற கேலக்ஸிகளின் உள், வெளித் தட்டுகளை ஒப்பிட்டு இந்திய ஆய்வாளர்கள் இதை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். தொகுதி தொகுதியாகப் பிரிந்தால் ஒவ்வொன்றின் வயதையும் நிறையையும் தனித்தனியாகப் போடலாம், சங்கிலியின் எந்த முனை முதலில் எரிந்தது என்றுகூடக் கேட்கலாம்.

எம்83-இல் மேகங்கள் கிடைத்தது ஒரு சதுரக் கிலோபார்செக்கில். புறஊதாத் தொகுதிகள் பரவிக் கிடக்கும் வெளித்தட்டின் மொத்தப் பரப்பை ஆரங்களை வைத்து நான் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுமார் இரண்டாயிரம் சதுரக் கிலோபார்செக் வருகிறது. அடுத்து 346 கிகாஹெர்ட்ஸில் பார்க்க எனக்கு ஓர் இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால், புறஊதா பளிச்சென்று இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஹைட்ரஜன் இழை அடர்த்தியாக இருந்தும் இன்னும் புறஊதாவே தெரியாத ஒரு துண்டைத்தான் கேட்பேன்.